எவர்டனுக்குக் கிடைக்காத கொலை

1

வந்திருந்தவர்கள்:

பிலிப்பா. தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர். லேசில் எதையும் மறுத்துப் பேசமாட்டார். "ரொம்பப் பிரமாதம்" என்பார். மறுத்துவிட்டார் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

கீரன். திரைக்கதை எழுதுபவன்.

எவர்டன் ப்ராத்வெயிட். நடிகர். ஐம்பதைத் தாண்டியவர், கறுப்பர். பெற்றோர் பார்படோஸ்காரர்கள். இவர் இங்கிலாந்தில், யார்க்ஷயரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

டோபி. இளம் நடிகன், வெள்ளையன். சாயத் தொட்டியில் விழ வேண்டியவன்.

மோரீன். படப்பிடிப்புக்கு முன் நடிகர்கள் உட்கார்ந்து வசனம் வாசித்த தேவாலயக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். தேநீர் இவர் பொறுப்பு.

நான். ஆலோசகர்.

கடைசி வரி பொய். நான் அங்கே பெட்டி இறக்கப் போனவன். கல்லூரியைப் பாதியில் விட்டதிலிருந்து ஹாலிஃபாக்ஸ் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வேலை. அன்று ஷிப்ட் முடிந்து போகும் வழியில் தண்ணீர் பாட்டில் பெட்டிகளைக் கூடத்தில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பெட்டியைக் கீழே வைத்ததும் பிலிப்பா எழுந்து வந்து கை குலுக்கினார், நாற்காலியை இழுத்துப் போட்டார். நிற விவகாரங்களுக்கான ஆலோசகர் ஒருவர் அன்று வர வேண்டியிருந்ததாம். வாசலில் என்னைப் போல் மாநிறத்தவன் ஒருவன் வந்து நின்றால், 'நீங்கள் ஆலோசகரா, பெட்டி தூக்குபவரா?' என்று கேட்க அந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வராது. அது அவ்வளவு பெரிய அவமரியாதை. நானும் சொல்லவில்லை. கால் வலித்தது. நாற்காலி நன்றாக இருந்தது.

இந்தக் கதை அந்த நாற்காலியில்தான் பிறந்தது.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"அன்று மழை பெய்துகொண்டி—" (அங்கே என்றுதான் பெய்யவில்லை?)

"நிறம் என்பது கண்ணில் இருக்கிறதா, காண்பவரின்—" (இது கதை இல்லை, கல்லூரி ஆண்டு மலர்.)

"எவர்டன் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மோரீனுக்கு உதவி செய்தார். அவர் முகத்தில் பல வருடப் பொறுமை—" (இதை மட்டும் கைவிடாமல் வைத்துக்கொண்டேன். அது தவறு என்று ஐந்தாம் பகுதியில் தெரியவரும்.)

நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் 'டெட்லோவின் ஆலை'. நூற்றெழுபது வருடம் முன்பு ஒரு குதிரை வைத்தியர் எழுதியது. நூலகத்தில் தேடாதீர்கள், நான் இட்டுக்கட்டிய நாவல் அது. கம்பளி ஆலை முதலாளி ஜொசாயா டெட்லோ, சொத்துக்காகத் தன் தம்பி சைலஸை நீலச் சாயத் தொட்டிக்குள் தள்ளிக் கொல்கிறான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் படித்து வெறுக்கும் நாவல். பெரியவர்களானதும் பெருமையாகப் பேசும் நாவல். ஜொசாயா வெள்ளையன். நாவலில் அப்படி எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையே இல்லை என்று குதிரை வைத்தியர் நினைத்திருப்பார்.

புதிய தொடரில் ஜொசாயா எவர்டன். எல்லா நிறத்தவருக்கும் இடம் வேண்டும் என்ற நல்லெண்ணம். இதுவரை எனக்கும் ஆட்சேபம் இல்லை.

3

எவர்டன் கொலைக் காட்சியை வாசித்தார். குரலை உயர்த்தவே இல்லை. குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் சொன்னார்:

"குனிஞ்சு பாரு சைலஸ். இன்னும் கொஞ்சம். அடியில உன் முகம் தெரியுதா?"

டோபியின் பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

"ரொம்பப் பிரமாதம்," என்றார் பிலிப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றான் கீரன். "கறுப்பர் ஒருத்தர் வெள்ளைக்காரத் தம்பியைக் கொல்றார். ஜனங்க குடும்பத்தோட உக்காந்து பாக்கிறாங்க. என்ன நினைப்பாங்க?"

"ரெண்டு பேரும் எப்படி அண்ணன் தம்பின்னு நினைக்கமாட்டாங்களா?" என்றான் டோபி.

"சேச்சே. அதை யாரும் கவனிக்க மாட்டாங்க. கவனிக்கிறதே தப்பு," என்றான் கீரன்.

எவர்டன் கையைத் தூக்கினார்.

"வேண்டாம் எவர்டன்," என்று பிலிப்பா நெஞ்சில் கை வைத்தார். "இதையெல்லாம் நீங்க எங்களுக்கு விளக்கணும்னு எதிர்பாக்கிறதே அநியாயம். அந்தப் பாரம் உங்களுக்கு எதுக்கு? அதுக்குத்தானே இவர் வந்திருக்கார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொல்லட்டுமே," என்றேன்.

"எவ்வளவு ஆழமான பார்வை!" என்றார் பிலிப்பா. கீரன் எதையோ எழுதிக்கொண்டான். நான் சொன்னதை அல்ல.

"தம்பியும் கறுப்பரா இருந்தா?" என்றான் கீரன்.

"அப்ப நான்?" என்றான் டோபி.

"கறுப்பரைக் கறுப்பர் கொல்றதா? அது இன்னும் மோசம் டார்லிங்," என்றார் பிலிப்பா.

"சரி, டோபி அண்ணன். எவர்டன் தம்பி."

"வெள்ளைக்காரன் ஒரு கறுப்பரைச் சாயத்துல முக்குறதா? ஐயோ!"

எவர்டன் மறுபடி கையைத் தூக்கினார்.

"சிரமப்படாதீங்க எவர்டன், பிளீஸ்."

"தள்ள வேண்டாம். சைலஸ் கால் வழுக்கி விழுந்துடுறான்," என்றான் கீரன்.

"அண்ணன் ஏன் காப்பாத்தல?" என்றான் டோபி.

"காப்பாத்தட்டும்! ஜொசாயாவும் உள்ள குதிக்கிறார். தம்பியைத் தூக்கிட்டு வர்றார். அன்னிக்கே ஆலைத் தொழிலாளிங்களுக்கெல்லாம் லீவு விடுறார்."

"அப்ப சைலஸ் நீலமா வெளிய வருவானா?" என்றான் டோபி.

கீரன் யோசித்தான். "நீலம் பரவாயில்லை. நீலத்துக்காக யாரும் புகார் எழுதமாட்டாங்க."

அன்று எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட நிறம் அது ஒன்றுதான்.

தேநீர் இடைவேளையில் எவர்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ ஆலோசகர் இல்லதானே?"

"பெட்டி இறக்க வந்தேன்."

"நினைச்சேன். நீ ஒருத்தன்தான் உருப்படியா ஒரு வார்த்தை பேசின." கோப்பையைச் சுழற்றினார். "இத்தனை வருஷமா டாக்டரா நடிக்கிறேன் தம்பி. இல்லேன்னா நீதிபதி. இல்லேன்னா போலீஸ் பெரிய அதிகாரி. கடைசிக் காட்சியில கதாநாயகன் தோளைத் தட்டி, 'உன்னை நம்புறேன்பா'ன்னு சொல்ற ஆளு. என் தோளுக்கே வலி வந்துடுச்சு. இந்த வேஷம் கிடைச்சதும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், ஒருவழியா ஒருத்தனைக் கொல்லப் போறேன்னு."

"நல்லது ராசா," என்றார் தட்டோடு வந்த மோரீன். "யாரை?"

"அதான் கைவிட்டுப் போச்சு மோரீன்."

"அவங்ககிட்ட சொல்லுங்களேன்," என்றேன்.

"எப்படிச் சொல்றது? வாயைத் திறந்தா, பாவம், சுமக்க வேண்டாம்னு கட்டிப்பிடிக்கிறாங்க." என்னைப் பார்த்தார். "இந்த வயசுக்கு மேல இன்னொரு கெட்டவன் எனக்கு வரமாட்டான். அதுதான் விஷயம்."

படப்பிடிப்பு நடந்தது. அவர் குதித்தார், தம்பியைக் காப்பாற்றினார், லீவு விட்டார். டோபி நீலமாக வெளியே வந்தான். பத்திரிகைகள் 'துணிச்சலான முயற்சி' என்று எழுதின.

4

கதையை நிறுத்தி ஒரு தொழில் சிக்கலைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவர்கள் யாரும் தமிழ் பேசவில்லை. பேசவைத்தது நான். முதல் வரைவில் பிலிப்பா மயிலாப்பூர்த் தமிழ் பேசினார். எவர்டன் வடசென்னைத் தமிழ் பேசினார். மோரீனுக்குத் திருநெல்வேலி. படிக்கச் சுவையாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தபோது உறைத்தது: யாரும் கேட்காமலே ஒவ்வொருவருக்கும் ஊரும் தெருவும் சாதியும் கொடுத்துவிட்டிருந்தேன். தயாரிப்பாளருக்கு ஒன்று, கறுப்பருக்கு வேறொன்று. தேடிப் பிடித்துக் கொடுக்கவில்லை. கை தானாகப் போயிருந்தது.

எல்லாவற்றையும் அடித்து, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பேச்சைக் கொடுத்தேன். இப்போது அவர்கள் எந்த ஊர்க்காரர்களும் இல்லை.*

*பிலிப்பா கேட்டால் ரொம்பப் பிரமாதம் என்பார்.

இன்னொன்று. மோரீனின் நிறத்தை நான் சொல்லவில்லை. நீங்கள் ஒன்றை நினைத்து வைத்திருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். குதிரை வைத்தியரும் அப்படித்தான் விட்டார்.

5

எவர்டனைத் தேடிப்போய் இதுவரை எழுதியதை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நான் எப்பப்பா கோப்பை தூக்கினேன்?"

"தூக்கல. ஒரு இதுக்காக—"

"பல வருஷப் பொறுமைன்னு வேற போட்டிருக்க."

"பொறுமையாத்தானே இருந்தீங்க?"

"உள்ளுக்குள்ள அந்தக் கீரன் பயலைத் தொட்டியில போட்டு மூடியை வச்சு, மேல ஏறி உக்காந்திருந்தேன். அதை எழுதினியா? அவங்க கதையிலயும் நான் நல்லவன். உன் கதையில அதுக்கும் மேல நல்லவன். நல்லவன், பாவப்பட்டவன் வேற." எழுந்துகொண்டார். "அவங்க பயந்துகிட்டுப் பண்ணாங்க தம்பி. உனக்கு என்ன பயம்?"

நான் தாள்களை மடித்தேன். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு கெட்ட காரியம். ஒண்ணே ஒண்ணு. நீயாவது குடு."

6

ஆகவே முடிவு இப்படி அமைய வேண்டும்: எவர்டன் ஒரு கெட்ட காரியம் செய்கிறார். எல்லோரையும் திரும்பக் கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டேன். வாசிப்பு முடிந்த மாலை. யாருக்கு எதிராக?

டோபி: ஜொசாயா செய்யாததை எவர்டன் செய்ததாகிவிடும். கீரன் பயந்தது சரி என்றாகிவிடும். வேண்டாம்.

பிலிப்பா: ஒரு பெண் மீது கை வைக்கும் கறுப்பர். எழுதவே கை வரவில்லை.

கீரன்: அவனுக்கு நடந்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். கைதட்டினால் அது கெட்ட காரியம் ஆகாது, நீதி ஆகிவிடும்.

மோரீன்: தேநீர் கொடுத்தவர். நன்றாக இருக்காது.

படித்துப் பார்க்கிறேன். இது அதே கூட்டம்தான். நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, எல்லோருக்கும் பதிலாகப் பேசுவது நான். பட்டியலில் எஞ்சியிருப்பவன் ஒருவன்தான்.

எவர்டன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே பண்டபாத்திரங்கள் வைக்கும் அறை இருக்கிறது. சன்னல் இல்லை.

"தம்பி, உள்ள பிஸ்கட் டப்பா இருக்கும். கொஞ்சம் எடுத்துக் குடேன்."

அவருக்கு என் மீது கோபம் இல்லை. (இங்கே ஒரு காரணம் எழுதினேன்: 'கதையில் தன்னை நல்லவனாக்கியதற்காக—' அடித்துவிட்டேன். பிறகு இன்னொன்று: 'சிறுவயதில் அவரை—' அதையும் அடித்தேன். காரணம் கொடுத்த மறுகணம் நீங்கள் அவரை மன்னித்துவிடுவீர்கள். மறுபடி டாக்டர் ஆகிவிடுவார்.) எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று மோரீனுக்கே தெரியாது.

குனிந்து உள்ளே போனேன். இருட்டு.

"டப்பா காணோமே எவர்டன்?"

"இன்னும் உள்ள போ," என்றார். குரல் உயரவில்லை. "இன்னும் கொஞ்சம்."

இங்கிருந்து என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. சிரிக்கிறாரா, வருந்துகிறாரா, தெரியாது. வெளியே அவரோடு நிற்பது நீங்கள் மட்டும்தான். அவர் திரும்பி உங்களைப் பார்த்து ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். என்னை வெளியே விடச் சொல்லி அவரிடம் கெஞ்சலாம், அல்லது அவருக்குக் கோட்டை நேராக்கிவிட்டு வாசல்வரை கூடப் போகலாம். நான் எதையும் எழுத முடியாத இடத்தில் இருக்கிறேன்.

கதவு சாத்தப்பட்டது. சாவி ஒரு முறை திரும்பியது. பிறகு, நிதானமாக, இன்னொரு முறை.