பேக்கரி முனை நாற்காலிகள்

ஊர்ப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் ஜோலீன் டாக்கெட்டின் படம் வந்திருந்தது. முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. எழுபதாம் ஆண்டு ஊர்வலத்தில் முன்வண்டியில் வரப்போவது இவர்தான் என்று கீழே போட்டிருந்தார்கள். வெர்னா நோவோட்னிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கையிலிருந்த காப்பியைக் குடிக்காமலே தொட்டியில் கொட்டினாள்.

எரியாமல் என்ன செய்யும்? கார்வர் பார்க் தனி ஊரான அதே வாரம் பிறந்தவள் வெர்னா. ஐம்பதாம் ஆண்டு முன்வண்டியில் போனது அவள். அறுபதாம் ஆண்டும் அவளேதான். மேல்மூடி இல்லாத வெள்ளைக் கார், மார்பின் குறுக்கே ‘ஊரின் முதல் குழந்தை’ என்று எழுதிய பட்டுப் பட்டை, இரண்டு பக்கமும் கையாட்டும் ஜனம். பத்து வருடத்துக்கு ஒரு முறை வருகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அவள் மீதி நாளையெல்லாம் தள்ளினாள் என்று சொன்னாலும் பொய்யில்லை. அடுத்த தடவை வரும்போது எண்பது வயது. இருப்பாளோ, போய்ச் சேர்ந்திருப்பாளோ, யார் கண்டது?

அந்த ஜோலீன் யார்? அரிசோனாவிலிருந்து எட்டு வருடத்துக்கு முன்னால், புருஷனை விட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவள். பனிக்காலத்தில் வாசல் பனியைத் தள்ளக்கூடத் தெரியாது. வெர்னாவின் புருஷன் எல்மர்தான் மண்வெட்டியைக் கையில் கொடுத்துச் சொல்லித்தந்தான். அப்படிப்பட்டவள் நூலகத்துப் பின்னறையைப் பிடித்துக்கொண்டு, ஊர் வரலாற்றுச் சங்கம் என்று ஆரம்பித்து, நாலே வருடத்தில் ஊருக்கே சொந்தக்காரி ஆகிவிட்டாள்.

அதிலும் கொடுமை, அந்த வரலாற்றை அள்ளிக் கொடுத்ததே வெர்னாதான். எலுமிச்சைக் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு இவள் சமையலறை மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தாள் ஜோலீன். இவளும் பெருமையில் வாயைத் திறந்துவிட்டாள். இந்த ஊர் முழுக்க ஒரு டச்சுக்காரரின் வெங்காய வயலாக இருந்தது. சிகாகோவிலிருந்து வந்த ஒரு கட்டடக்காரன் அதை வாங்கி, ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான வீடுகளை வார்த்துத் தள்ளினான். போர் முடிந்து வந்தவர்கள் அவற்றை அடித்துப் பிடித்து வாங்கினார்கள். வெர்னாவின் அப்பா ஒருநாள் உருக்காலையிலிருந்து களைத்து வந்து, வீடு மாறி நுழைந்து, மேஜையில் இருந்ததைப் பாதி தின்றுவிட்டு, “என்ன இன்னிக்கு உப்பே இல்ல?” என்று நிமிர்ந்தால், எதிரே நின்றது வேறு யாரோ ஒருத்தன் பெண்டாட்டி. பக்கத்துப் பெரிய ஊர் இவர்களை விழுங்கப் பார்த்தபோது, சர்ச்சின் நிலவறையில் எல்லாரும் கூடித் தனி ஊர் வேண்டும் என்று கை தூக்கினார்கள். நிறைமாதமாக இருந்த வெர்னாவின் அம்மாவும் எம்பித் தூக்கினாள். தூக்கிய கையை இறக்குவதற்குள் வலி எடுத்துவிட்டது.

இத்தனையையும் ஜோலீன் நூலகக் கூடத்தில் எழுந்து நின்று சொன்னாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உப்பில்லாத இடம் வந்தபோது எல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். வெர்னா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“நாப்பது வருஷமா நான் சொல்லலையா இதையே? அப்பல்லாம் உன் காது எங்க போச்சு?” என்று வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“நீ சொல்றப்ப என்னைத் திட்டற மாதிரியே இருக்கும் வெர்னா. அவ சொன்னா கதை மாதிரி இருக்கு.”

“அப்ப அவ வீட்டுக்கே போய் உப்பில்லாமத் தின்னு!”

அந்தப் புண்ணே ஆறவில்லை. இப்போது முன்வண்டியும் போயிற்று.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் எல்மர் இரண்டு தடவை ஞாபகப்படுத்திப் பார்த்தான். “நாற்காலி போட வேணாமா? ஆறு மணி ஆகப்போவுது.”

“நான் வரல. அவ கையாட்டறதை நான் வெயில்ல உக்காந்து பாக்கணுமா?”

“நம்ம இடம் போயிடும்.”

“போகட்டும்!”

இந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல் மெயின் தெரு ஓரத்தில் நாற்காலி போடலாம். போட்டுவிட்டால் இடம் உனக்கு. கயிறு கட்ட வேண்டாம், காவல் வைக்க வேண்டாம். காற்றில் சாய்ந்தால் போகிறவர்கள் நிமிர்த்திவிட்டுப் போவார்கள். அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடிப்போனவனைக்கூட ஊர் மன்னித்து, திரும்பி வந்ததும் பந்து விளையாடக் கூப்பிட்டிருக்கிறது. அடுத்தவன் நாற்காலியைத் தொட்டவன் என்று மட்டும் இதுவரை ஒருவனும் கிடையாது.

பேக்கரி முனை வெர்னா குடும்பத்தின் இடம். மரநிழல் விழும் ஒரே முனை அதுதான். முதல் ஊர்வலத்திலிருந்து அவள் அப்பா நாற்காலி போட்ட இடம். அதை நினைத்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. எல்மருக்கு முழங்கால் வலி. அதனால் பழைய மடக்கு நாற்காலி இரண்டைக் காரில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

பேக்கரி முனையில், அவர்கள் இடத்தில், நான்கு நீல நாற்காலிகள் உட்கார்ந்திருந்தன.

யாருடையவை என்று கேட்கவா வேண்டும்? ஜோலீன் வீட்டு முன்புல்வெளியில் தினம் பார்க்கிற நாற்காலிகள். ஊரிலேயே அந்தக் கண்ணைக் குத்துகிற நீலம் வேறு யாரிடமும் இல்லை.

“அடிப்பாவி! வண்டியும் வேணும், என் அப்பன் இடமும் வேணுமா உனக்கு?” என்று வாய்விட்டே சொன்னாள்.

தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் திடலில் பாட்டு கேட்கப் போயிருந்தார்கள். வெர்னா ஒரு நாற்காலியைத் தூக்கினாள். நான்கையும் இழுத்துக்கொண்டுபோய் பேக்கரிக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தன்னுடைய இரண்டையும் மரத்தடியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என்ன ஆயிற்று என்று எல்மர் கேட்டதற்கு, “இடம் இருக்கு,” என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் தெருவே நிறைந்திருந்தது. தீயணைப்பு வண்டியிலிருந்து மிட்டாய் மழையாக விழுந்தது. பள்ளிக்கூட பாண்டு வாத்தியக்காரர்கள் வியர்த்து ஒழுகிக்கொண்டு போனார்கள். பின்னால், விருந்தினர் வண்டிகளில் முதலாவதாக, வெள்ளைக் கார் ஊர்ந்து வந்தது. ஓட்டியது நகரத் தலைவர் டுவெய்ன். பின்னிருக்கையில் ஜோலீன். வெர்னா தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

கார் பேக்கரி முனையில் நின்றுவிட்டது.

“வெர்னா! ஏறுங்க, சீக்கிரம்! பின்னாடி குதிரைங்க வருது!” ஜோலீன் எழுந்து நின்று கத்தினாள். அவள் கையில் அந்தப் பட்டுப் பட்டை இருந்தது. “முதல் குழந்தை இல்லாம நான் வண்டியில ஏற மாட்டேன்னு டுவெய்ன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். உங்க முனையில உங்களைக் கூட்டிக்கலாம், அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு முடிவு!”

எல்மர் வெர்னாவின் முதுகில் கை வைத்துத் தள்ளினான். அவள் ஒரு காலைக் காருக்குள் வைத்தாள்.

“ஆமா, என் நீல நாற்காலிங்க எங்க? நேத்து ஆறரை ஆகியும் நீங்க வரலையா, யாராவது உங்க இடத்தைப் பிடிச்சிடுவாங்களேன்னு நான்தான் ஓடிவந்து போட்டேன்.”

பேக்கரிக்கார ரொஹெலியோ வாசலிலிருந்து குரல் கொடுத்தார். “அதுவா? காலையில குப்பைத் தொட்டிகிட்ட நாலும் வரிசையா நின்னுச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுது.”

மிட்டாய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். நாற்காலியைத் தொட்டிருக்கிறார்கள்! மரவேலைக்கார கஸ் காறித் துப்பாத குறையாகச் சொன்னார்: “புது அபார்ட்மென்ட்டுக்கு வந்திருக்கறவங்க வேலைதான் இது. அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியுமா? நம்ம ஊர்ல பொறந்தவன் எவனாவது செய்வானா?”

இரண்டடி தள்ளி நின்ற ஒரு பெண் முகம் சுருங்கிப்போய்த் தன் குழந்தையை அருகே இழுத்துக்கொண்டாள். புது அபார்ட்மென்ட்காரிதான்.

வெர்னா அவளைப் பார்த்தாள். கஸ்ஸைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் போதும், பட்டை மார்பில் ஏறிவிடும். சொன்னாலோ, ஊரின் முதல் குழந்தைதான் ஊரின் முதல் நாற்காலித் திருடி என்று ஆகிவிடும். ஆனால் எட்டு வருடத்தில் அவளுடையது எல்லாமே கைமாறிப் போயிருந்தது. தான் செய்த பாவத்தைக்கூட வேறொருத்தி தலையில் கட்டிவிட்டுப் போகச் சொன்னால் எப்படி?

“நான்தான் தூக்கினேன்,” என்றாள் சத்தமாக. “அவ என் இடத்தைப் பிடிச்சிட்டான்னு நெனச்சேன். வயித்தெரிச்சல். போதுமா?”

கஸ் நகர்ந்து மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். ஜோலீன் காரே குலுங்கும்படி சிரித்தாள். “ஐயோ வெர்னா! எழுபது வருஷ வரலாற்றுல இதுதான் டாப்! வர்ற மாசம் நூலகத்துல இதைச் சொல்லாம விடமாட்டேன்!”

ஜனம் சிரித்தது. எல்மர் கைத்தடியில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அபார்ட்மென்ட்காரிகூட லேசாகச் சிரித்தாள். ஜோலீன் பட்டையை மாட்டிவிட்டாள், தோளில் தட்டிக் கொடுத்தாள், கார் நகர்ந்தது.

கேட்டது கிடைத்துவிட்டது. வெள்ளைக் கார், பட்டை, இரண்டு பக்கமும் ஜனம். ஆனால் வெர்னாவின் வயிறு முன்னைவிட மோசமாக எரிந்தது. சொல்வாள் இவள். நூலகத்தில் எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். நீல நாற்காலியை இழுத்த விதத்தை நடித்தே காட்டுவாள். எல்லாரும் உருண்டு புரள்வார்கள். இதுவும் ஜோலீனின் கதை ஆகிவிடும்.

தபால் ஆபீஸ் முனை வந்தது. ஜோலீன் கையாட்டத் தொடங்கியிருந்தாள். வெர்னா முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“ஏய், எல்லாரும் கேளுங்க! நேத்து சாயங்காலம் பேக்கரி முனையில என்ன ஆச்சு தெரியுமா?”

“வெர்னா, உக்காருங்க, விழுந்துடப் போறீங்க! அதை நான் நூலகத்துல—”

“நீ சும்மா இரு. இது என் கதை!”

கார் ஊர்ந்துகொண்டே இருக்க, அவள் வெறுங்கையாலேயே நாற்காலியைத் தூக்கிக் காட்டினாள், இழுத்துக் காட்டினாள், ‘அடிப்பாவி’ என்றபோது ஜோலீனையே விரலால் சுட்டினாள். தபால் ஆபீஸ் முனையில் சிரிப்பு வெடித்தது. உட்காரும்போது வெர்னா ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். ஜோலீனின் பக்கம் யாரும் திரும்பியிருக்கவில்லை. அடுத்தது மளிகைக்கடை முனை. வெர்னா தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எழுந்தாள்.