டக்கெண்டு திறக்குற கத்தி

எல்லாருக்கும் வணக்கம். எல்லாரும் சுகமா இரிக்கீங்களா? இஞ்ச கல்லடியில கச்சான் காத்து அடிச்சு வீட்டுக்குள்ள முழுக்க மணல். முழங்கால் நோ இரிக்கத்தான் செய்யுது, அத விடுங்க. நேத்து சனிக்கிழமை காத்தான்குடியில ஒரு இரும்புச்சாமான் கடையில எங்கட மனுசன் மடக்குக்கத்தி ஒண்டு வாங்கினார். அந்தக் கத்தியால எனக்குப் பகலும் சோறு இறங்கல்ல, ராவும் இறங்கல்ல. அதத்தான் சொல்ல வந்தன்.

மனுசனுக்குப் பேர் அருமைநாயகம். வயசு அறுபத்தெட்டு. நீங்க வாவி எண்டு சொல்றத்த நாங்க ஆறு எண்டுதான் சொல்லுவம். அந்த ஆத்துல தோணி வலிச்சுப் போய் வல போடுறவர். அவர்ர கத்திக்கு ஓய்வே இல்ல. வல நூல் அறுக்க, நண்டு கட்டுற கயிறு வெட்ட, உரப்பேக்கு கிழிக்க, பாக்குச் சீவ, மாங்கா தின்ன, எல்லாத்துக்கும் அதுதான். நைலோன் கயித்துல கட்டி இடுப்புல இடப்பக்கம் தொங்க விட்டிருப்பார். மூணு கிழமைக்கு முதல் ஒரு நாள் வந்து, "கத்தி ஆத்துல விழுந்து போச்சுகா" எண்டார். கட்டின கத்தி எப்படி விழும் எண்டு கேட்டன். "விழுந்தா விழுந்ததுதானே" எண்டு போட்டு எழும்பிப் போயிட்டார். கயித்த எடுத்துப் பாத்தன். அது அறுந்த கயிறு இல்ல, முடிச்ச அவிழ்த்த கயிறு.

அண்டைக்கு வந்த வலயையும் பாத்தன். மரக்குத்தியில மாட்டிக் கிழிஞ்சா பிஞ்சு பிஞ்சு நிக்கும். இது நேர் வெட்டு, கத்தியால வெட்டினது. மேலுதட்டுலயும் ஒரு வெட்டு. "கெளுத்தி முள்ளு" எண்டார். கெளுத்தி உதட்டுல குத்தினத நான் இண்டைக்கு வரைக்கும் கேள்விப்பட்டதில்ல. அதோட பக்கத்து வளவு இராசதுரையோட கதையும் நிண்டு போச்சு. இராசதுரையும் ஆத்துல வல போடுறவன்தான். முந்தி ரெண்டு பேரும் ஒரு கேத்தல் தேத்தண்ணிய வேலிக்கு ரெண்டு பக்கமும் நிண்டு குடிச்சு முடிப்பாங்க. இப்ப அவன் "அண்ணே" எண்டா இவர் மற்றப் பக்கம் கிறுகிப் படுக்கார். நான் என்னத்த நினைப்பன், செல்லுங்க பாப்பம்? ஆத்துக்குள்ள ரெண்டு பேரும் அடிபட்டிரிக்காங்க, வலய வெட்டினது அவன்தான் எண்டு முடிவு கட்டிட்டன். அதுக்குள்ள இவர் புதுக்கத்தி வாங்கப் போறன் எண்டு சேட்டுப் போடுறார். விடுவனா? நானும் பஸ்ஸுல ஏறிட்டன்.

கடைக்காரர் அப்துல் கபூர் நானா தெரிஞ்ச மனுசன். முதல்ல மரப்பிடிக் கத்தி ஒண்ட வெச்சார். "அண்ணன், இது நல்ல இரும்பு. தீட்டித் தீட்டிப் பத்து வருசம் பாவிக்கலாம்." இவர் அத வலக்கையில வெச்சுப் பாத்தார், திறக்கக்கூட இல்ல. "பழைய மொடல்" எண்டு திருப்பிக் குடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்திட்டு. பழைய மொடல் பாக்குற ஆளா இவர்? ரெண்டாவது கறள் புடிக்காத கத்தி, உப்புத் தண்ணிக்கெண்டே செஞ்சது. அதுவும் வேணாமாம். "பெருவிரலால தட்டித் திறக்குறது இல்லையா நானா?" எண்டு கேட்டார்.

நானா என்னப் பாத்தார், நான் நானாவப் பாத்தன். கறுத்தப் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒண்ட உள்ள இருந்து எடுத்து வந்தார். அலகுல சின்னக் குமிழ் ஒண்டு.

"இது ஸ்டைலுக்கு வாங்குறது அண்ணன். ஆணி இளகிரும். உப்புக்கு ரெண்டு மாசம் நிண்டாப் பெரிசு. விக்கிற நானே செல்றன், வேணாம்."

இவர் கேட்டாத்தானே. இடக்கைய சாரத்துக் கட்டுக்குள்ள செருகிக்கிட்டு, சண்டியன் மாதிரி நிண்டு, வலக்கைப் பெருவிரலால ஒரு தட்டு. டக். முகம் அப்படியே வெளிச்சிட்டு. "மூடித் தாங்க நானா" எண்டு நீட்டினார்.

"இப்படி டக்கெண்டு திறந்து ஆரக் குத்தப் போறீங்க? றாலா உங்களக் கடிக்க வருது?" எண்டு கேட்டன். நானா சிரிச்சார். இவர் சிரிக்கல்ல. "உனக்கு விளங்காதுகா, சும்மா இரி" எண்டார். வாற வழியெல்லாம் நான் கத்தி போட்ட அவர்ர சேட்டுப் பையத்தான் பாத்துக்கிட்டு வந்தன்.

இண்டைக்கு இவர் குளிக்கப் போன நேரம் நான் வேலிக்கு அங்கால போனன். இராசதுரை தோணிக்குத் தார் பூசிக்கிட்டு நிண்டான்.

"டேய், எங்கட வலய வெட்டினது நீதானே?"

"ஓம் அக்கா, நான்தான்" எண்டான். பிரஷ்ஷக் கீழ வெச்சான். "வெட்டாட்டி அண்ணன் இண்டைக்கு இல்ல."

அண்டைக்கு நடந்ததச் சொன்னான். பழைய மரக்குத்தி ஒண்டுல வல மாட்டி, கயிறு இவர்ர கால்ல சுத்தியாம். காத்துக்குத் தோணி சரியுதாம். கத்தி வலக்கையில. திறக்க மற்றக் கை வேணுமே?

"இடக்கை வரல்ல அக்கா. தொங்கினபடி கிடக்கு. பல்லால திறக்கப் பாத்தார், உதட்டுல வெட்டிட்டு. நான் கிட்டப் போய் வலய வெட்டி விட்டன். மறுகா கத்திப் பிடி முடிச்சையும் பல்லால அவிழ்த்துக் கத்தியத் தூக்கி எறிஞ்சார். 'இவளுக்குச் சொன்னா உன்னோட கதைக்கவே மாட்டன்' எண்டார். நான் சொல்லல்ல. அப்படியும் கதைக்காரில்ல."

அடிபட்டதா இரிந்தா நான் நடுவுல நிண்டு ரெண்டு பேரையும் பேசியிரிப்பன். இதுக்கு நான் ஆரப் பேச?

வீட்ட வந்தன். இவர் முருங்கைக்குக் கீழ கதிரையில இரிந்து கத்தியத் தட்டுறார். திறக்க ஒரு நொடி. மூடத்தான் பாடு. பூட்டுத் தகட்ட விரலால அமத்திக்கிட்டு, அலகுட முதுகத் தொடையில வெச்சு மெதுவா மெதுவா அழுத்துறார். கொடியில கிடந்த நைலோன் கயித்த எடுத்துக் கத்திப் பிடியில கோத்தன். "எழும்பிக் கையத் தூக்குங்க" எண்டன். வலக்கை தலைக்கு மேல போச்சு. இடக்கை நெஞ்சு மட்டும் வந்து நிண்டிச்சு.

"இடப்பக்கம்தானே கட்டுறது" எண்டார், கேற்றப் பாத்துக்கிட்டு.

"இனி வலப்பக்கம்" எண்டு முடிச்சுப் போட்டன். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"நாளைக்கு றால் படுற நாள்."

"அப்ப நானும் தோணியில வாறன்."

"நீ ஏறினா தோணி தாழும்" எண்டார். எங்கேயோ பாத்துக்கிட்டுத்தான் சொன்னார்.

விடியப் போறன் எண்டுதான் நிக்கார். நான் வாசல மறிச்சுக்கிட்டு நிப்பன், அது வேற கதை. உங்களிட்ட ஒண்டு கேக்கணும். ஆத்துலயோ வயல் வட்டையிலயோ வேலை செய்ற ஆக்கள் உங்கட வீட்டுலயும் இரிப்பாங்க. ஒரு கையால திறக்குற கத்தி எங்கயும் கிடக்கு. ஒரு கையால மூடவும் ஏலுமானது, உப்புத் தண்ணிக்கும் நிக்குறது ஆராவது பாவிச்சிரிக்கீங்களா? கை இப்படி வராமப் போன ஆக்கள் இரிந்தா, என்ன செஞ்சீங்க எண்டும் எழுதுங்க. ஒண்டு விடாம வாசிப்பன். இத எழுதுற நேரமும் முருங்கைக்குக் கீழ டக்கெண்டு கேட்டிச்சு. மூடுற சத்தம் இன்னும் வரல்ல.