ஓரத்தில் நின்ற பாப்பம்மா

1

இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு இலக்கிய ஆர்வம் ஒன்றும் காரணமில்லை. ஒரு படத்தைத் தேடி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி, இரண்டு பேரை ஸ்டூடியோவின் முன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளறைக்கு வந்தேன். படம் முதல் நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. வெளியே கொண்டுபோகத்தான் தைரியம் வரவில்லை. அதனால் அந்தப் படத்தைத் திரையின் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தில் இதைத் திறந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். கீபோர்ட் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை நான் வேலை செய்கிறேன் என்று அவர்கள் நினைப்பார்கள்.

வெளியே இருப்பவர்கள் நல்லையா அண்ணனும் அவருடைய மகள் ரஜிதாவும். நல்லையா அண்ணனின் மனைவி பாப்பம்மா செத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வீட்டுச் சுவர் விழுந்து செத்தார். கருமாதிக்குச் சட்டம் போட்டு வைக்க ஒரு படம் வேண்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

“உக்குவளையில் மழை விட்டபாடில்லை. லோஜன் என்ற இளம் புகைப்படக் கலைஞன் தன் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பாதையில்—”

சீ. லோஜன் என்று யாரும் இல்லை. நான் சஞ்சீவன். வயது நாற்பத்தொன்று. கலைஞன் என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன், மற்றவர்கள் ஐடென்டிட்டி கார்ட் படத்துக்கு வருவார்கள்.

இரண்டாம் முயற்சி:

“நானும் என்ன செய்ய, எனக்கும் அன்று கல்யாண வேலை—”

இதையும் விடுகிறேன். குற்றவாளி வாயைத் திறந்ததும் சமாதானம் சொல்லக் கூடாது.

மூன்றாவதாக, லென்ஸிலிருந்து தொடங்கிப் பார்க்கிறேன். கண்ணாடிக்கு நாக்கு இல்லை, பொய் சொல்லாது என்று வாசகர் நம்பக்கூடும்.

3

மாத்தளை டவுனில் ஷிஃபானுக்கு ஒரு ஃபோன் கடை உண்டு. போன ஆண்டு அங்கேதான் அதை வாங்கினேன். உண்மையான மீன்கண் லென்ஸ் வாங்க என்னால் இந்த ஜென்மத்தில் முடியாது. இது, இருக்கிற லென்ஸின் முன்னால் திருகிப் பூட்டும் ஒரு குண்டுக் கண்ணாடி. விலை கேட்டால் சிரிப்பீர்கள்.

“மச்சான், இதப் போட்டா ஒரு ரூம் முழுக்க ஒரே படத்துல வரும்” என்றான் ஷிஃபான். “ஆனா ஓரத்துல என்னா வருதுண்டு என்னக் கேக்காதே.”

சொன்னது சரி. ஓரமெல்லாம் மங்கும், ஊதா நிறத்தில் கோடு அடிக்கும். நேரான எல்லாம் வில்லாக வளையும். நடுவால் போகும் கோடு மட்டும் நேராக நிற்கும். விலக விலக வளைவு கூடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண ஹோலில் தூண்களை வளைத்து, மாப்பிள்ளையை நடுவில் நிறுத்தி, பேஸ்புக்கில் போட்டுப் பேர் வாங்கியவன் நான்.*

* இந்த அடிக்குறிப்பை வெட்டிவிட நினைத்தேன். பாப்பம்மாவின் வீட்டுப் படத்தையும் பேஸ்புக்கில் போட்டேன். நானூறு லைக். “வேற லெவல் அண்ணா” என்று ஒருவர் எழுதினார். நான் அதற்கு ஒரு இதயம் போட்டேன்.

4

ரஜிதா கொழும்பில் ஒரு உடுப்புக் கடையில் வேலை செய்கிறாள். அங்கிருந்து போன் செய்தாள்.

“அண்ணே, எங்க காம்பராச் செவரு வெடிச்சு சாயுது. வேற எடம் கேட்டு ஃபாரம் போடுறோம். படம் வைக்கணுமாம். ஒரு தடவ போய் எடுத்துக் குடுங்கண்ணே. அப்பாவுக்கு இதெல்லாம் வெளங்காது.”

ஃபாரத்தையும் போனிலேயே என்னிடம் வாசித்துக் காட்டினாள். “‘சுவரின் நிலை: நல்லது / பழுது. பொருந்தாததை வெட்டிவிடுக’ன்னு போட்டிருக்கு. நல்லதத்தானே வெட்டணும்?”

“ஓம், நல்லதை வெட்டு” என்றேன்.

லயத்துக் காம்பரா என்றால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டு. கட்டில், அலுமாரி, டிவி, சாமிப் படம், அடுப்பு. உள்ளே நின்று கமராவைத் தூக்கினால் இரண்டு எட்டுக்கு மேல் பின்னால் போக முடியாது, முதுகு சுவரில் முட்டும். குண்டுக் கண்ணாடியைப் பூட்டினேன். அப்பா, முழு வீடும் வந்தது! நல்லையா அண்ணனை நடுவில் உட்கார வைத்தேன். சாமிப் படம் அவருடைய தலைக்கு மேலே. கூரைத் தகரம் வளைந்து இறங்கி அவரை மூடுவதுபோல இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

சுவர் ஓரத்தில் இருந்தது. வெடிப்பு ஓரத்தில் இருந்தது. பாப்பம்மாவும் ஓரத்தில்தான் நின்றார், வெடிப்புக்குள் நாலு விரலை விட்டுக்கொண்டு.

“பாருங்க தம்பி, கை போகுது. போன மாசம் ஒரு காயிதந்தான் உள்ள நொழைஞ்சிச்சு.”

எடுத்ததும் கமராவின் பின்திரையில் காட்டினேன். தன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பதறிப்போனார்.

“ஐயோ, நான் என்னா வீங்கிப் போய்க் கெடக்கேன்! அந்தக் குண்டுக் கண்ணாடியக் கழட்டிட்டு ஒழுங்கா ஒண்ணு எடுங்க.”

கழற்றினேன். அவருடைய மனம் கோணக் கூடாது என்று மட்டும்தான். நல்லையா அண்ணன் எழும்பி என் பின்னால் வந்து நின்றபடி, “ஆமா, இந்த வயசுல ஒன்னப் பொண்ணு பாக்க வர்றாங்களாக்கும்” என்றார். பாப்பம்மா வாய்விட்டுச் சிரித்தார். கை அப்போதும் வெடிப்புக்குள்ளேயே இருந்தது. அந்த நேரம் அழுத்தினேன்.

அதுதான் இரண்டாவது படம். அரை வீடுதான் தெரிகிறது. கட்டில் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் கதவு நிலை நேராக நிற்கிறது, பக்கத்தில் சுவர் உள்ளே சரிந்திருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஃபாரத்தோடு வைக்கச் சொல்லி நான் அலுவலகத்துக்குக் கொடுத்தது முதலாவதை.

5

இங்கே ஒரு அதிகாரி வர வேண்டும். அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. முதலில் அவரை இப்படி எழுதினேன்:

“தொப்பை மேசையில் இடிக்க, பல் குத்திக்கொண்டே படத்தைத் தூக்கியெறிந்த—”

எவ்வளவு வசதியான ஆள்! அவர் மட்டும் அப்படி இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரு மூச்சில் முடித்திருப்பேன். உண்மையில் அங்கே இருந்த அதிகாரி ஸ்ரீஸ்கந்தராஜா மெலிந்த மனிதர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுவார். என்னை இருக்கச் சொன்னார். பிளேன்டீ வாங்கித் தந்தார்.

“வடிவான படம்தான் தம்பி” என்றார். “ஆனா இதில எல்லாமே வளைஞ்சுதானே கிடக்கு. இந்தப் பக்கச் சுவரும் வளையுது, அந்தப் பக்கச் சுவரும் வளையுது. சுவர் சரிஞ்சதோ, உங்கட லென்ஸ் சரிச்சதோ, நான் எப்பிடிச் சொல்லுறது?”

“நேரில வந்து பாருங்க சேர்.”

“வருவம். நாற்பது விண்ணப்பம், ஒரு வாகனம். படத்தைப் பார்த்துத்தான் ஆரிட்ட முதல்ல போறதெண்டு முடிவெடுக்கிறம். நேரா எடுத்த படமொண்டு இருந்தாக் கொண்டந்து தாங்கோ. நாளைக்கே தந்தாலும் சரி, இதை மேல வைக்கிறன்.”

இருந்தது. கமராவுக்குள், தோளில் தொங்கிய பையில், அதே அறையில் இருந்தது.

நான் எடுக்கவில்லை. எனக்குக் கோபம். நானூறு பேர் புகழ்ந்த படத்தை இந்த மனுஷன் வளைஞ்சு கிடக்கு என்கிறார். அரை வீடு தெரிகிற அந்த அவலட்சணத்தை என் வேலை என்று எப்படிக் கொடுப்பது? பிறகு பார்க்கலாம், நல்லதாக இன்னொன்று எடுக்கலாம் என்று எழும்பி வந்தேன். ரஜிதா போன் செய்தபோது, “குடுத்தாச்சு, பார்ப்பாங்க” என்றேன்.

பிறகு ஒரு கல்யாணம் வந்தது. பிறகு ஒரு பூப்புனித நீராட்டு விழா. பதினொரு நாள் போனது.

6

வியாழக்கிழமை, காலை பத்து மணி. நல்லையா அண்ணன் தோட்டத்து மலையில் வேலையில் இருந்தார். பாப்பம்மாவுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. கட்டிலில்

[இந்தப் பந்தியை ஆறு முறை எழுதினேன். நன்றாக வந்தது. நன்றாக வந்ததால் அழித்தேன். அந்தக் காம்பராவிலிருந்து அழகான ஒன்றை நான் ஏற்கெனவே எடுத்துவிட்டேன்.]

7

நல்லையா அண்ணனிடம் இருப்பது முதலாவது படம்தான். பேஸ்புக்கிலிருந்து ரஜிதா எடுத்தாளாம். இன்று காலை போனை நீட்டினார். பாப்பம்மாவின் முகம் ஓரத்தில் இழுபட்டு, ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

“இத வச்சு எப்பிடித் தம்பி கும்புடுறது? பாக்கவே பயமா இருக்கு.” போனைச் சட்டைப் பையில் போட்டார். “ரெண்டாவதா ஒண்ணு எடுத்தீங்களே. நான் கிண்டல் பண்ணவும் சிரிச்சாளே. அது இருக்கும்ல?”

“தேடிப் பார்க்கிறேன்” என்றேன். ரஜிதா என்னையே பார்த்தாள்.

முடிவு (அ): முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, சுவரை அழித்து, பின்னால் நீல வானமும் மேகமும் போட்டுக் கொடுப்பது. உக்குவளையில் செத்தவர்களில் பாதிப் பேரை நான்தான் மேகத்தில் ஏற்றியிருக்கிறேன். இதையும் செய்து பார்த்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாப்பம்மா வானத்தில் சிரிக்கிறார். ஆனால் அவருடைய வலது தோள் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கை எங்கே போகிறது என்று எவரும் கேட்பார்கள். நல்லையா அண்ணன் கேட்க மாட்டார், அவருக்குத் தெரியும்.

முடிவு (ஆ): முழுப் படத்தையும் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்வது. ரஜிதா திகதியைப் பார்ப்பாள். “இது அப்பவே இருந்துச்சா?” என்று கேட்பாள். அதுவரைக்கும் எழுத வருகிறது. அடுத்து நல்லையா அண்ணன் ஏதாவது சொல்ல வேண்டும். “விடுங்க தம்பி, விதி” என்று எழுதிப் பார்த்தேன். எவ்வளவு வெட்கங்கெட்டவன் நான்! அவருடைய வாயை இரவல் வாங்கி எனக்கே மன்னிப்புக் கொடுத்துக்கொள்கிறேன். அழித்துவிட்டு, ரஜிதா என் கன்னத்தில் அறைவதுபோல எழுதினேன். அதுவும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, அதனால் அதையும் அழித்தேன்.

முடிவு (இ): படம் இல்லை, கமராவின் கார்ட் பழுதாகிவிட்டது என்று சொல்வது. நம்புவார்கள். பாப்பம்மா அந்தப் பெருத்த கண்ணோடு சட்டத்துக்குள் போவார். ஒவ்வொரு வருஷமும் திவசத்துக்கு அதற்குத்தான் மாலை போடுவார்கள்.

இதில் எது கதைக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். எது கதைக்கு நல்லது என்று பார்த்துத்தான் முதலாவது படத்தையும் கொடுத்தேன். அதனால் இந்த முறை நான் தெரிவு செய்யப் போவதில்லை. வாசகரே, நீங்கள் இரண்டாவது படத்தை முழுதாகப் பார்த்துவிட்டீர்கள், கதவு நிலை, சுவர், விரல்கள், சிரிப்பு எல்லாம். வெளியே இருக்கிற இருவரும் இன்னும் பார்க்கவில்லை.

8

கீபோர்ட் சத்தம் அவர்களுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. பெஞ்ச் நகர்ந்தது. ரஜிதா திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறாள், செருப்புத் தெரிகிறது.

“அண்ணே, அப்பா சோந்து போய் ஒக்காந்திருக்காரு, இன்னும் ஒண்ணும் சாப்பிடல. இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.”

நான் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது:

இருக்கிறது / இல்லை.

(பொருந்தாததை வெட்டிவிடுக.)