ஊரெல்லாம் திருட்டு முழி

ஆக்லாந்தில் போலீஸ் பயிற்சி முடித்து, பிறந்து வளர்ந்த வவாவு தீவுக்கே திரும்பிய கான்ஸ்டபிள் பவுலியாசிக்குத் தலைகால் புரியவில்லை. பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடலாமாம். கண்ணைத் தாழ்த்துவானாம், பிடரியைச் சொறிவானாம், எச்சில் விழுங்குவானாம். வந்த அன்றே அத்தை ஊரைக் கூட்டி வைத்த விருந்தில், பன்றிக்கறியை மென்றுகொண்டே சார்ஜென்ட் ஹவிலிக்கு இதையெல்லாம் வகுப்பெடுத்தான். அவரும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் காலை, தன் கொழுத்த பன்றியைக் காணோம் என்று போதகர் புகார் கொடுத்தார். நம்ம ஆளுக்குக் கேட்கவா வேண்டும்! தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு வீடாக இறங்கிவிட்டான்.

யாரைக் கேட்டாலும் திருட்டு முழி. தரையைப் பார்த்தார்கள், நெளிந்தார்கள், கழுத்தைத் தடவினார்கள். மரியாதைக்குரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்திப் பேசுவதுதான் எங்கள் வழக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா என்ன? தெரியும். சான்றிதழ் வாங்கியதும் மறந்துவிட்டது, பாவம்.

நிமிர்ந்து பார்த்துப் பேசியது அத்தை மெலெனாய்டே ஒருத்திதான். அவனுடைய அப்பாவின் அக்கா, எங்களிடையே அப்பனுக்கும் மேலே அத்தை. அவள் யாருக்காகக் கண்ணைத் தாழ்த்துவாள்?

"அந்தப் பன்னி இந்தப் பக்கமே வரலடா" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சுத்தமான உண்மை என்று அவன் முடிவு கட்டினான்.

எல்லோரையும்விட அதிகமாக வியர்த்தவன் மாகா, போதகரின் பன்றிகளைப் பார்த்துக்கொள்கிறவன். அவனை லாக்கப்பில் தள்ளினான் பவுலியாசி. மாஜிஸ்திரேட் திங்கட்கிழமை கப்பலில் வருகிறார். மாகா ஜெயிலுக்குப் போனால் பெண்டாட்டி பிள்ளைகள் நடுத்தெருவில்தான்.

மத்தியானம் அத்தை ஒரு கூடையோடு ஸ்டேஷனுக்கு வந்தாள்.

"மாகாவுக்குச் சாப்பாடு."

"திருடனுக்கு எதுக்கு அத்தை சாப்பாடு?"

"அவன் எங்கடா திருடினான்? நான்தான் பிடிச்சேன்."

பவுலியாசி எழுந்து நின்றுவிட்டான்.

"என் வள்ளிக்கிழங்குத் தோட்டத்தையே கிளறிப் போட்டுருச்சு அந்தச் சனியன். அன்னைக்குன்னு பாத்து நீ வேற வர்றே. பன்னி இல்லாம உனக்கு விருந்து வெச்சா ஊர் சிரிக்காது?"

"காலையில கேட்டப்போ பொய் சொன்னீங்களே அத்தை!"

"ஏன், என் மூஞ்சில தெரியலையா? அங்க என்னத்தடா சொல்லிக் குடுத்தாங்க? போ, போய்க் கதவைத் திற."

அத்தைக்கு விலங்கு மாட்டுகிறவன் இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. பவுலியாசி போய்க் கதவைத் திறந்தான்.

"ஏன்யா, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று மாகாவிடம் எரிந்து விழுந்தான்.

மாகா அப்போதும் தரையைத்தான் பார்த்தான். "எப்படி சார் சொல்றது? நல்ல கறியெல்லாம் உங்க இலையிலதான் இருந்துச்சு. இன்னொரு துண்டும் கேட்டு வாங்குனீங்க."

ஊர் முழுக்க நெளிந்தது எதற்கென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மாகா வீடு போய்ச் சேர வேண்டுமே! நேரே சார்ஜென்ட்டிடம் போனான். அத்தை பார்த்த மாதிரியே அவரை நேருக்கு நேர் பார்த்தான்.

"பன்னி எப்பவும் போல மீன் பொறுக்கக் கடலுக்குள்ள இறங்கியிருக்கு, சார். அலை இழுத்துட்டுப் போயிருச்சு. மாகா மேல தப்பு இல்லை."

சார்ஜென்ட் அவன் முகத்தை ஆற அமரப் பார்த்தார்.

"கண்ணைத் தாழ்த்தலை. பிடரியைச் சொறியலை. எச்சிலும் முழுங்கலை. அப்போ உண்மைதான்" என்று சொல்லி வழக்கை முடித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தொடைக்கறி எனக்கு வந்துச்சுப்பா. சும்மா சொல்லக் கூடாது, போதகர் நல்லாத்தான் வளர்த்திருக்கார்."

பவுலியாசி கண்ணைத் தாழ்த்தினான்.