‘புழு இல்லை’ என்று ஒரு சீட்டு

1974. வேளச்சேரி ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் கன்னியம்மா, அடையாறில் எங்கள் கால்நடை ஆய்வுக்கூடத்துக்கு ஆட்டுப் புழுக்கையோடு வந்தாள்.

"ஆட்டுக்குக் கண்ணு வெளுத்துப் போய்க் கீது சார்."

மைக்ராஸ்கோப்பில் முட்டை ஒன்றுகூட இல்லை. சீட்டில் ‘புழு இல்லை’ என்று எழுதினேன். கண் வெளுத்தால் சந்தேகப்பட வேண்டிய ஈரல்புழு, ஆட்டுக்குள் போய் முட்டையிட இரண்டு மாதத்துக்கு மேலாகும். அதற்குமுன் கண்டுபிடிக்க எங்களிடம் சோதனையே கிடையாது. மாணவர்களுக்கு நானே நடத்தும் பாடம். ஆனாலும் ‘தெரியவில்லை’ என்று எழுத இந்தப் பெரிய டாக்டருக்குக் கை வரவில்லை.

பத்தாம் நாள் ஆடு செத்தது; தூக்கிக்கொண்டு வந்தாள். அவளை வெளியே நிற்கவைத்துவிட்டு அறுத்துப் பார்த்தேன். ஈரல் முழுக்கக் குஞ்சுப் புழுக்கள்.

"புழு இல்லன்னு எய்திக் குடுத்தியே சார், அப்பறம் இன்னாத்துல செத்துச்சு?"

"ஏதாவது விஷச்செடியத் தின்னிருக்கும்."

"பாவி, நான்தான் கண்ட எடத்துல மேயவுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதாவது வாயைத் திறந்தேனா?