அணைக்கக் கூடாத வண்டி

சாவி போடாமலே ஓடும் வண்டி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்தான். ஆகஸ்ட் மாதம் முழுக்க அதே பேச்சு. கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பொத்தானை அழுத்தினால் இன்ஜின் கிளம்பும். பக்கத்து வீட்டு சாண்டுவை உட்காரவைத்து ஐந்து தடவை அழுத்திக் காட்டினேன். சாண்டுவிடம் இருப்பது ஒரு குதிரையும் ஒரு வண்டியும்.

"என் குதிரைக்கும் சாவி கிடையாதுப்பா. நான் என்னைக்காவது பெருமை அடிச்சிருக்கேனா?" என்றான்.

வண்டியை வாங்கியது என் மனைவி வியோரிகா. எட்டு வருடமாக இத்தாலியில், பாதுவா நகரத்தில், படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்கிறாள். வருடத்துக்கு ஒரு மாதம் வருவாள். இந்த வருடம் பழைய வண்டி ஒன்றை வாங்கி, தன் சித்தி மகனை ஓட்டச் சொல்லி, அதிலேயே வந்து இறங்கினாள். விற்றவன் கொடுத்தது ஒரே ஒரு சாவி. அது அவள் கைப்பையில் கிடந்தது. ஒரு மாதமும் நான் ஓட்டினேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்க் காபிப் பொட்டலம் கொடுத்தோம், கல்லறைக்குப் போனோம், சந்தைக்குப் போனோம். வண்டிக்கு வேண்டிய சாவி பக்கத்து இருக்கையில், அவள் மடியில் இருந்தது. அதை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், அதுதான் தேவையில்லையே.

வண்டி சும்மா வரவில்லை, ஒரு காரணத்தோடு வந்தது. எங்கள் பக்கத்து ரொட்டிக்கடை முதலாளி கவ்ரில், பன்னிரண்டு கிராமங்களுக்கு ரொட்டி கொண்டுபோக ஆள் தேடினான். சொந்த வண்டி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஆறு வருடமாக எனக்கு வேலை இல்லை. நான் வேலையில் நிலைத்துவிட்டால் வியோரிகா கிறிஸ்துமஸுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாள், திரும்பப் போகவே மாட்டாள். அப்படித்தான் பேசி முடித்திருந்தோம். அந்த அம்மாளின் மகன் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். திங்கள் இரவுக்குள் பதில் சொல்கிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். என் வேலையும் திங்கட்கிழமைதான் தொடங்குகிறது.

"ஒரு நாள் ஓட்டிக் காட்டு, அது போதும் எனக்கு. அன்னைக்கு ராத்திரியே அவன்கிட்ட முடியாதுன்னு சொல்லிடுறேன்" என்றாள்.

"ஒரு நாள் என்ன, ஒரு வருஷம் ஓட்டிக் காட்டுறேன்" என்றேன். வாய்க்கு என்ன, எதையும் சொல்லும்.

சனிக்கிழமை மதியம் அவளை பர்லாட் நகரச் சந்தைக்குப் பக்கத்தில் இத்தாலி வேனில் ஏற்றிவிட்டேன். அந்த டிரைவர்கள் ஒரு நிமிடம் நிற்க மாட்டார்கள். நான் குறுக்கே நிறுத்தியிருந்ததால் இன்ஜினை ஓடவிட்டே பெட்டிகளை இறக்கினேன். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், "முட்டைக்கோஸ் உப்புல போட மறந்துடாதே" என்றாள், ஏறினாள், போனாள். எட்டு வருடமாக ஏற்றிவிடுகிறேன், பழகவே இல்லை.

திரும்பி ஊருக்குப் புறப்பட்டபோது வண்டி கீச் கீச்சென்று கத்தியது. அது எதற்குத்தான் கத்தாது? பெல்ட் போடவில்லை என்றால் கத்தும், குளிரடித்தால் கத்தும். பர்லாட் எல்லை தாண்டிய பிறகுதான் எதிரே இருந்த சின்னத் திரையைப் பார்த்தேன். ஒரு சாவிப் படம், அதன் மேல் குறுக்குக் கோடு. சாவி வியோரிகாவின் கைப்பையில், வியோரிகா வேனில்.

வண்டி மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை கிளம்பிவிட்டால் சாவி பக்கத்தில் இல்லாவிட்டாலும் ஓடும், அணைத்தால்தான் திரும்பக் கிளம்பாது. அவளை அழைத்துவந்த சித்தி மகன் இதை ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் விளக்கினான். நான் பிளம் சாராயத்தில் கவனமாக இருந்தேன், ஆனாலும் காதில் விழுந்திருந்தது.

போனை எடுத்தேன். அவள் பெயரைத் தொட்டேன். மணி அடிக்கும் முன்னே அணைத்துவிட்டேன்.

பயணம் புறப்பட்டவளைப் பாதியில் திருப்பக் கூடாது. இது எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது. மற்றவர்கள் சொல்வதோடு சரி, நாங்கள் பட்டிருக்கிறோம். எட்டு வருடத்துக்கு முன்னால், அவள் முதல்முதலாகப் போனபோது, வாசல் தாண்டியவளை நான்தான் கூப்பிட்டேன், சால்வையை விட்டுவிட்டாள் என்று. திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனாள். அந்த வேன் ஹங்கேரியில் பள்ளத்தில் உருண்டது. இரண்டு பேர் செத்தார்கள். வியோரிகாவின் இடுப்பில் இன்றைக்கும் தகடு இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது சாய்ந்து சாய்ந்து ஏறுவாள். ஒரு சால்வைக்காக. மறுபடியும் என் வாயால் அவளைத் திரும்பக் கூப்பிட மாட்டேன், வேலை போனாலும் சரி என்று நினைத்துக்கொண்டேன். போகும் வழியில் சொல்லி அவளைக் கலவரப்படுத்தவும் மனம் வரவில்லை.

பர்லாடில் சாவி செய்கிறவனுக்குப் போன் செய்தேன். இந்த மாதிரி வண்டியை யாஷி நகரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், பத்து நாள் ஆகும் என்றான். கவ்ரில் முன்பே சொல்லியிருந்தான்: "திங்கக்கிழமை அஞ்சு மணிண்ணே. உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் என்னை ஏமாத்திட்டாங்க. மூணாவது ஆளா நீங்களும் வரலேன்னா, காரணம் சொல்லப் போன் பண்ணாதீங்க." என்னைவிடப் பத்து வயது சின்னவன், மரியாதையாகத்தான் பேசுவான்.

ஆகையால் வண்டியை அணைக்கவில்லை.

வீட்டு முற்றத்தில், வாதுமை மரத்தடியில், சனிக்கிழமை மதியத்திலிருந்து அது உறுமிக்கொண்டே நின்றது. நான் அதற்குள்ளேயே சாப்பிட்டேன், அதற்குள்ளேயே கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்கினேன். பொத்தானில் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் பாதி ஊர் என் வேலிக்கு வெளியே நின்றது.

"என்ன நெகுலாய், வண்டிக்குக் காய்ச்சலா?" என்றான் சாண்டு.

"ஓடட்டும்னு விட்டிருக்கேன்."

"எங்கயும் போகாம ஓடுதே. உன்னை மாதிரியே இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சாண்டு சிரிப்பதை நிறுத்தினான். கேனில் டீசல் வாங்கிவந்தான். இன்ஜின் ஓட ஓட நான் ஊற்றினேன், அவன் ஐந்தடி தள்ளி நின்று சிலுவை போட்டுக்கொண்டான்.

"வெடிச்சா வியோரிகாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றான்.

"வேலை போனா நான் என்ன சொல்றதோ அதையே நீயும் சொல்லு."

திங்கள் காலை ஐந்து மணிக்கு ரொட்டிக்கடை வாசலில் நின்றேன். கவ்ரில் தட்டுகளை ஏற்றினான். "ஏண்ணே, அணைச்சுட்டு ஏத்தலாமே?" என்றான். பேட்டரி கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, நாளைக்கு மாற்றிவிடுவேன் என்று புளுகினேன். தலையாட்டிக்கொண்டான்.

சந்தோஷமாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். வண்டி முழுக்கச் சூடான ரொட்டி வாசனை. ஒவ்வொரு கடை வாசலிலும் பெண்கள் "வந்தாச்சா" என்று கேட்டார்கள். ஆறு வருடமாக யாரும் எனக்காக வாசலில் காத்திருந்ததில்லை. காலைச் சுற்றில் ஏழு கிராமம், மதியச் சுற்றில் ஐந்து. பதினோரு கிராமம் முடித்துவிட்டேன். மிச்சம் ஒன்று. மனதுக்குள் வியோரிகாவிடம் பேசிக்கொண்டே ஓட்டினேன்: அவனிடம் முடியாது என்று சொல்லிவிடு, கிறிஸ்துமஸுக்குப் பன்றி பார்த்து வைக்கிறேன், வந்துவிடு.

கடைசிக் கிராமத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சவ ஊர்வலம் எதிரே வந்தது. முன்னால் கொடிகள், பாதிரியார், பின்னால் டிராக்டர் இழுத்துவரும் திறந்த வண்டியில் பெட்டி. நாற்சந்தி வந்ததும் நின்றார்கள், இறந்தவர் கடந்துபோகப் பாலமாகப் பெண்கள் தரையில் துணி விரித்தார்கள்.

நான் ஓரமாக ஒதுங்கினேன். தொப்பியைக் கழற்றினேன். பிளாஸ்திரியோடு சேர்த்துப் பொத்தானை அழுத்தி இன்ஜினை அணைத்தேன். இறங்கி நின்றேன்.

அப்படியேதான் நடந்தது. பதினைந்து வயதில் கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டிய நாளிலிருந்து, பிணம் எதிரே வந்தால் அணைத்திருக்கிறேன். இறந்தவர் முன்னால் இன்ஜினை உறுமவிடுவது எங்கள் பக்கத்தில் காறித் துப்புவதற்குச் சமம். கை என்னிடம் கேட்கவில்லை. இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தமில்லாமல் இருந்தது. பாதிரியார் பாடுவது தெளிவாகக் கேட்டது. எவ்வளவு அமைதி என்றுகூட நினைத்தேன். அதற்கப்புறம்தான் சாவி ஞாபகம் வந்தது.

அழுத்தினேன், அழுத்தினேன், திரும்பத் திரும்ப அழுத்தினேன். சாவிப் படம், குறுக்குக் கோடு. ஊர்வலத்தின் கடைசியில் வந்த இரண்டு பேர் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொண்டுவிட்டது. நான் அழுவதைப் பார்த்து, செத்தவர் எனக்கு உறவு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

கவ்ரிலுக்குப் போன் செய்தேன். தன் வேனில் வந்தான். எதையும் மறைக்காமல் சொன்னேன். ரொட்டித் தட்டுகளை மாற்றிக்கொண்டே கேட்டான்.

"அணைக்காம இருந்திருக்கலாமேண்ணே."

"பிணம் வந்துச்சு தம்பி."

கடைசித் தட்டையும் ஏற்றினான். "நானா இருந்தாலும் அணைச்சிருப்பேன்" என்றான். "ஆனா நாளைக்கும் ரொட்டி போகணும்ணே. சாவி என்னைக்கு வரும்?"

"கேட்டு வாங்கினா, அடுத்த திங்கள்."

"மனோலேகிட்ட வேன் இருக்கு. இன்னைக்குப் பேசிடுறேன். கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? இரண்டு ரொட்டியை என் கையில் திணித்துவிட்டுப் போனான். வண்டியைப் பூட்டவும் வழியில்லை, அப்படியே விட்டுவிட்டு ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வியோரிகா கூப்பிட்டாள்.

"யோவ், கைப்பையைக் கொட்டிப் பாத்தேன், வண்டிச் சாவி என்கிட்ட கிடக்குது. நீ எப்படி ஓட்டின?"

எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடி, டீசல், பதினோரு கிராமம், பிணம், மனோலே.

"ஏன் என்னைக் கூப்பிடல?"

"போறவளை எப்படித் திரும்ப வான்னு சொல்றது? ஒரு தடவை சொன்னது போதாதா?"

"நான் எதுக்குத் திரும்பி வரணும்?" அவள் குரல் உடைந்துவிட்டது. "பர்லாடுக்கு வெளியில பெட்ரோல் பங்க்ல முக்கால் மணி நேரம் நின்னோம்யா. ஹூஷி ஊர்லேர்ந்து ஒரு பொம்பளை வரணும்னு நின்னோம். சும்மாதான் உக்காந்திருந்தேன். நீ வந்து வாங்கிட்டுப் போயிருக்கலாம். பயணம் போறது நான்தானே, நீ எத்தனை தடவை வேணும்னாலும் திரும்பலாமே."

உண்மைதான். திரும்பக் கூடாதவள் அவள், நான் இல்லை. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத் தூரம். அந்த இரண்டு நாளில் ஒரு நிமிடம்கூட எனக்கு அது தோன்றவில்லை. எட்டு வருடமாக அவள் போவாள், நான் இருப்பேன் என்றே இருந்து பழகிவிட்டது.

"இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்."

"அந்த அம்மாவோட மகன் கூடத்துல உக்காந்திருக்காரு. ஒப்பந்தக் காகிதத்தோட."

வேறு வேலை கிடைக்கும், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருப்பேன். ஆறு வருடமாகச் சொன்னதுதானே. வாய் வரவில்லை.

"கையெழுத்துப் போட்டுடவா, நெகுலாய்?"

"போட்டுடு" என்றேன்.

அவள் பக்கத்து அறையிலிருந்து அந்த அம்மாள் இத்தாலிய மொழியில் ஏதோ முனகுவது கேட்டது. வியோரிகா போனை முகத்திலிருந்து விலக்கி, அதே மொழியில் பதில் சொன்னாள். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று வார்த்தைகளில் அது ஒன்று. வரேன், இதோ வரேன் என்றாள். பிறகு போன் அணைந்துவிட்டது.