பித்தளையில் பொறித்த நன்றி

மூன்றாவது திருகாணி அசையவே இல்லை. ஏணியின் இரண்டாம் படியில் நின்றபடி மார்லிஸ் ஹொவ்லாண்ட் ஸ்க்ரூடிரைவரை இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பின் கனத்தை எல்லாம் அதன் மேல் சாய்த்தாள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு.

"சீக்கிரம் மார்லிஸ்! மணி பத்தே கால். பதினோரு மணிக்கு வாஷிங்டன்காரங்க வாசல்ல நிப்பாங்க."

கீழே நின்று விரட்டியவர் கார்ட்டர் பிளைத். ஹால்வர்சன் பல்கலைக்கழகத்தின் நன்கொடைத் துறைத் துணைத் தலைவர். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். ஏணியைப் பிடித்துக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை.

"ஆள் வெச்சுக் கழட்டியிருக்கலாம்ல கார்ட்டர்?"

"ஆளுக்கு வாய் இருக்கே. உங்களுக்குக் குடும்பம் இருக்கு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சுவரில் பதித்திருந்த பித்தளைப் பலகையில் வளைகுடா அரசு ஒன்றின் நிதியத்தின் பெயர் பளபளத்தது. அதன் கீழே, 'பெருந்தன்மைக்கு எங்கள் நன்றி.' புதிய ஆய்வுக்கூடத்துக்கு அந்த நிதியம் கொடுத்தது நாற்பது லட்சம் டாலர். வெளிநாட்டிலிருந்து ஒரு வருடத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் வந்தால் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. பதினேழு வருடமாக அந்த அறிக்கையை எழுதி வருபவள் மார்லிஸ். இந்த ஜனவரியில், "அது நம்ம டெலவேர் மாநிலக் கம்பெனி கொடுத்தது. வெளிநாடெல்லாம் இல்ல" என்று கார்ட்டர் சொன்னார். நம்பி, அறிக்கையில் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

ஆனால் நன்கொடைத் துறைக்கு ஒரு வியாதி உண்டு. கொடுத்தவன் பெயரை எதன் மீதாவது பொறிக்காவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. பெஞ்சு, மரம், நீரூற்று எல்லாவற்றிலும் பெயர்கள். நூலகத்தின் இரண்டாம் மாடிக் கழிப்பறை வாசலில்கூட ஒரு பல் டாக்டரின் பெயர் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில், காகிதத்தில் ஒளித்த கொடையாளியையே சுவரில் பித்தளையாக அடித்து, ரிப்பன் வெட்டி, பழைய மாணவர் பத்திரிகையில் வண்ணப்படமும் போட்டுவிட்டார்கள். பத்திரிகை வாஷிங்டன் வரை போயிற்று. ஏப்ரலில் விசாரணைக் கடிதம் வந்தது. இன்று அதிகாரிகளே நேரில் வருகிறார்கள் என்று கார்ட்டர் சொல்லியிருந்தார்.

திருகாணி கிறீச்சிட்டுக் கழன்றது. பலகை அவள் கைக்கு வந்தது.

"பாத்து, கீறிடாதீங்க! செப்டம்பர்ல திரும்ப மாட்டணும்."

"திரும்பவா?"

'க்ளிக்' என்று ஒரு சத்தம். மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். கார்ட்டரின் செல்போன் அவளைப் பார்த்தபடி இருந்தது.

"எதுக்குப் படம்?"

"அருமையா விழுந்திருக்கு. முகம், பலகை, ஸ்க்ரூடிரைவர், எல்லாமே தெளிவா. வாங்க, ரூமுக்குப் போவோம்."

அவர் அறையில் ஒரே ஒரு காகிதம் தயாராகக் காத்திருந்தது. மார்லிஸ் நின்றுகொண்டே படித்தாள். நிதியத்தின் நன்கொடை வெளிநாட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தும் அவளே அறிக்கையில் மறைத்தாளாம். மேலதிகாரிகள் யாருக்கும் தெரியாதாம். பொறுப்பேற்றுத் தானாகவே விலகுகிறாளாம்.

"இது பச்சைப் பொய் கார்ட்டர்! மார்ச்சுல பலகையைப் பாத்ததும் உங்ககிட்ட ஓடி வந்தது நான். திருத்தி அனுப்பணும்னேன். ஜூலைல பாத்துக்கலாம்னு சொன்னது நீங்க."

"சொன்னேன். எழுத்துல இருக்கா?"

அவள் காகிதத்தை மேசையில் திரும்ப வைத்தாள்.

"என்கிட்ட இருக்கு பாருங்க." செல்போனை மேசை மீது நகர்த்தினார். "விசாரணை நாளன்னிக்கு ஆதாரத்தைக் கழட்டுற அம்மா. இதைக் காட்டினா ஜெயில். அந்தக் காகிதத்தைக் காட்டினா வெறும் கவனக்குறைவு. அதிகாரிங்களும் மனுஷங்கதான், வயசான பொம்பளைன்னு விட்டுடுவாங்க."

"நீங்க சொல்லித்தானே கழட்டினேன்!"

"படத்துல நான் இல்லையே."

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. ஆர்விட். எடுக்காமல் இருக்க முடியாது. அவள் கணவன் கூப்பிட்டால் எதற்கும் இருக்கலாம்.

"ஏய் மார்லிஸ், நேத்து செஞ்ச உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் மிச்சம் எங்க வெச்ச? ஃபிரிட்ஜையே கவுத்துப் பாத்துட்டேன்."

"கீழ்த்தட்டுல. உப்பு சேக்காத, டாக்டர் கொன்னுடுவாரு."

"ஈரல் செத்த எனக்கு அவரு என்னத்தப் புதுசா கொல்லப் போறாரு? ஆஸ்பத்திரில இருந்து பேசினாங்க. பேரு பட்டியல்ல மேல போயிருக்காம். எந்த நேரமும் கூப்பிடுவாங்களாம். நீ என்ன, அழறியா?"

"சளி. வெச்சிடறேன்."

கார்ட்டர் அதுவரை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மென்மையாகப் பேசினார்.

"மாற்று ஈரல். நம்ம காப்பீட்டுல இருக்கிறவரைக்கும்தான் பட்டியல்ல பேரு இருக்கும், இல்லையா? கையெழுத்துப் போடுங்க. டிசம்பர் வரைக்கும் உங்க காப்பீட்டைத் தொட மாட்டோம். போடலைன்னா இன்னிக்குச் சாயங்காலமே கட்."

"அதை இதுலயே எழுதித் தாங்க."

"எழுதினா, வாக்குமூலத்தை நாங்க விலைக்கு வாங்கின மாதிரி ஆயிடும். உங்களுக்குத்தான் ஆபத்து. என் வார்த்தை போதாதா?"

போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மணி பத்து ஐம்பது. பட்டியலில் ஆர்விட்டின் பெயர். மார்லிஸ் பேனாவை எடுத்தாள். பதினேழு வருடம் ஒரு தப்பும் இல்லாத அறிக்கைகளுக்குக் கீழே போட்ட அதே கையெழுத்து.

கார்ட்டர் மை காய ஊதினார். "பேட்ஜைக் கொடுத்துட்டுப் போங்க. ஒரு கேக்காவது வெட்டியிருக்கலாம். பரவாயில்ல, உங்க பேர்ல ஒரு பெஞ்சு போட்டுடுவோம்."

தன் காருக்குள் உட்கார்ந்தபோதுதான் அவள் எண்ணிப் பார்த்தாள். பலகை கார்ட்டரிடம், படம் கார்ட்டரிடம், காகிதம் கார்ட்டரிடம். பதினோரு மணி ஆயிற்று. பிரதான வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றே கால். அரசாங்கக் கார் எதுவும் வரவில்லை. பதினொன்றரை. புல் வெட்டும் வண்டி ஒன்று போயிற்று. இன்னொரு வாசல் வழியாக வந்துவிட்டார்களா? இந்நேரம் அந்தக் காகிதம் அவர்கள் கையில் இருக்குமா?

அதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டால்?

ஏப்ரல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த விசாரணை அதிகாரி பெல்ட்ரானின் எண் அவள் போனில் இருந்தது. அழுத்தினாள்.

"பெல்ட்ரான் பேசறேன்."

"சார், நீங்க ஹால்வர்சன்ல எந்தக் கட்டடத்துல இருக்கீங்க? அஞ்சு நிமிஷம் உங்களைப் பாக்கணும். அவங்க ஒரு காகிதம் தருவாங்க, அதை நம்பாதீங்க."

"மேடம், நான் வாஷிங்டன்ல என் நாற்காலில இருக்கேன். ஹால்வர்சன் விசாரணையைப் போன வெள்ளிக்கிழமையே முடிச்சாச்சே."

"இன்னிக்குப் பதினோரு மணிக்கு..."

"இன்னிக்கு ஒண்ணும் இல்லையே. குற்றவாளியைக் கண்டுபிடிச்சு நடவடிக்கை எடுத்துட்டோம்னு பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. அத்தோட மூடிட்டோம். வாக்குமூலம் மட்டும் பாக்கி, செவ்வாய்க்கிழமைக்குள்ள வந்துடும்னு மிஸ்டர் பிளைத் சொல்லியிருக்காரு. இன்னிக்குச் செவ்வாய்தானே? ஆமா, நீங்க யாரு?"

மார்லிஸ் பெயரைச் சொன்னாள்.

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம். பெல்ட்ரானின் குரல் இறுகிப்போயிற்று.

"அப்படின்னா உங்களோட நான் பேசவே கூடாது மேடம். ஆனா பல்கலைக்கழகத்தோட இந்தக் கடிதம் உங்களைப் பத்தினது, உங்களுக்கும் பிரதி வந்திருக்கணுமே."

"எனக்கு ஒண்ணும் வரலை. படிங்க சார். தயவுசெஞ்சு படிங்க."

அவர் படித்தார்.

"'வேண்டுமென்றே உண்மையை மறைத்த குற்றத்துக்காக மார்லிஸ் ஹொவ்லாண்ட் சென்ற வியாழக்கிழமை பணிநீக்கம் செய்யப்பட்டார். அவருக்கும் அவர் கணவருக்கும் இருந்த மருத்துவக் காப்பீடு அன்று மாலையே ரத்து செய்யப்பட்டது.'"